வீட்டுக்குள் ஒருவன் புகுந்தால் நாம் எதுவரை போகலாம்?

அச்சரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் மாலை வகுப்பு நடத்தும் நண்பர்களோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சங்கதிகள் பேச்சுக்கு வந்தன.

முதலாவது, தொகுப்பு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவுக்கு நடந்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பின்கதவை யாரோ நெம்பும் சத்தம் கேட்டிருக்கிறது. தாழ்ப்பாள் பழையது, பாதி கழன்றே விட்டது. அருவாமனையைத் தூக்கிக்கொண்டு "எவன்டா அவன்" என்று கத்தியிருக்கிறார். வந்தவன் ஓடிவிட்டான். மறுநாள் அந்த அம்மா கேட்டார்: "உள்ள பூந்திருந்தான்னா வெட்டிதான் இருப்பேன். வெட்டியிருந்தா நான் ஜெயிலுக்குப் போவணுமா, தம்பி?"

இரண்டாவது, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையனுக்கு நடந்தது. செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவனை ஜி.எஸ்.டி. சாலையில் இறக்கிவிட்டபோது மணி ஒன்றரை. காலனிக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டியாக வேண்டும். அந்த வாரம் ஆடு காணோம், பைக் காணோம் என்று பேச்சு. தெருமுனையில் கம்போடு காவல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறுத்தினார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னான். "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொன்ன பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது என்கிறான். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டியும், பையைத் தரையில் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். முதுகில் இரண்டு அடி. அவன் அப்பாவைத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து விலக்கிவிட்டார். புகார் கொடுக்கலாமே என்றோம். "தெனமும் அந்தத் தெருவழியாதான வரணும்ணா" என்றான்.

வீட்டைக் காக்கும் உரிமை பற்றிப் பேசும்போது நம் மக்கள் இந்த இரண்டு இடங்களிலும் நிற்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. கதவுக்கு உள்ளே அருவாமனையோடு நிற்பதும் நாம்தான். தெருவில் திருடன் என்று நிறுத்தப்படுவதும் நாம்தான். அந்த அம்மாவுக்கு உள்ள உரிமையை முழுசாகக் கேட்கிறவர்கள், அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் அதே உறுதியோடு சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த அம்மாவின் கேள்வி. சுருக்கமான பதில்: நடுராத்திரியில் கதவை உடைத்து உள்ளே வந்தவனைத் தடுக்கும்போது, வேறு வழியில்லாமல் அவன் உயிர் போயிருந்தாலும் அது குற்றமாகாமல் போக இடம் உண்டு.

முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாகிவிட்டன. எண் மாறியதே தவிர, சாரம் ஏறக்குறைய அதேதான். தன் உடலை, தன் சொத்தைக் காக்கலாம். அடுத்தவர் உடலையும் அடுத்தவர் சொத்தையும்கூடக் காக்கலாம். பக்கத்து வீட்டுக் கிழவி கத்தினால் ஓடிப்போய்த் தடுப்பதும் இந்த உரிமைக்குள் அடக்கம்.

சொத்தைக் காப்பதற்காக உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போவதை எப்போது பொறுத்துக்கொள்ளலாம் என்பதை 41ஆம் பிரிவு சொல்கிறது. வழிப்பறி, கொள்ளை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல். மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ தீ வைத்தல், வெடி வைத்தல். கடைசியாக, திருட்டோ அத்துமீறலோ சேதமோ நடக்கும் விதத்தைப் பார்த்தால் உயிர் போகும், கொடுங்காயம் ஆகும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை. கூடாரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மெத்தை வீடாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஓலைக் குடிசையும் தார்ப்பாய் போட்ட கொட்டகையும் சட்டத்தின் கண்ணில் வீடுதான்.

ஆனால் இந்த உரிமைக்கு 37ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது. தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையை அணுக நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. பட்டப்பகலில் திறந்த வாசல் வழியாக வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பிடிக்கலாம், தள்ளலாம், குடத்தைப் பிடுங்கலாம். கழுத்தில் வெட்டினால், அது குடத்துக்காக ஒரு உயிரை எடுத்ததாகத்தான் பார்க்கப்படும்.

2019 ஆகஸ்ட் மாதம் தென்காசிப் பக்கம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துணியால் இறுக்க, இன்னொருவன் அரிவாளோடு வர, சத்தம் கேட்டு வந்த மனைவி கையில் கிடைத்த செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வீசினார். இருவருமாகச் சேர்ந்து முகமூடிக்காரர்களை விரட்டிய கண்காணிப்பு கேமரா காட்சியை நாடே பார்த்தது. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் முதலமைச்சர் அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். அதைப் பார்த்து நமக்கு ஒரு யோசனை மட்டும் வந்தது. கேமரா இல்லாத வீட்டில், அருவாமனையோடு நின்ற நம் அம்மாவின் கதையை யார் நம்புவார்கள்? சாட்சி சொல்ல அவருக்கு அந்தக் கழன்ற தாழ்ப்பாள் மட்டும்தான் உண்டு.

பெண்கள் விஷயத்தில் நல்ல முன்னுதாரணங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. 2012இல் மதுரையில், மகளிடம் முறைகேடாக நடக்க முயன்ற கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற தாயை, அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் பழைய 100ஆம் பிரிவின்படி தற்காப்பு என்று ஏற்று விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில், கத்தி முனையில் தன்னைப் பலாத்காரம் செய்ய முயன்றவனைக் கொன்ற 19 வயதுப் பெண்ணையும் அதே பிரிவின்படி காவல் துறை விடுவித்தது. ஆக, பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்துதான் இந்த உரிமையைப் பெற வேண்டும் என்பதில்லை. விசாரணை அதிகாரி மனசு வைத்தால் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். எல்லா அதிகாரியும் அப்படி மனசு வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி அந்தப் பையன் விஷயத்துக்கு வருவோம். தற்காப்பு உரிமை தொடங்கும் நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர்; முடியும் நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. வீட்டை உடைத்துப் புகுந்தவன் உள்ளே இருக்கும்வரை உரிமை இருக்கிறது என்கிறது 43ஆம் பிரிவு. அவன் திரும்பி ஓடி, தெருவைத் தாண்டி, ஏரிக்கரையில் மூச்சு வாங்கி நிற்கும்போது பத்துப் பேர் சூழ்ந்து அடித்தால், அது தற்காப்பு இல்லை. கையைக் கட்டி விளக்குக் கம்பத்தில் நிறுத்திய பிறகு விழும் ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம். அடிக்கிறவர் வீட்டில்தான் அவன் திருடினான் என்றாலும் அப்படித்தான்.

திருடனைப் பொதுமக்கள் பிடிக்கவே கூடாதா என்று கேட்கலாம். பிடிக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. தன் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் செய்தவனை யாரும் பிடித்து வைக்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் அதிகாரம். பையைக் கொட்டச் சொல்லவோ, சாதி கேட்கவோ, கன்னத்தில் அறையவோ அதில் இடமில்லை. அந்தப் பையன் யார் கண் முன்னாலும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆகவே அவனை நிறுத்தி வைத்ததே தவறு. அடித்தது அதைவிடப் பெரிய தவறு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களால் ஒருவரைக் கொன்றால், அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் அல்லது தூக்கு என்று புதிய சட்டத்தின் 103ஆம் பிரிவில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டது ஏன் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் கேரளத்து அட்டப்பாடியில் ஒரு பழங்குடி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி காட்டிலிருந்து பிடித்து, கையைக் கட்டி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டே அடித்தார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றிய பிறகு அவர் உயிர் போனது. 2023இல் 14 பேரைக் குற்றவாளிகள் என்று மன்னார்க்காடு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்துத் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்தார். 2020 பிப்ரவரியில் விக்கிரவாண்டி பக்கம், இயற்கை உபாதைக்காக வண்டியை நிறுத்திய தலித் இளைஞர் ஒருவர் தப்பான நோக்கத்தோடு வந்தவர் என்று சொல்லி அடித்துக் கொல்லப்பட்டார். அச்சரப்பாக்கத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையிலேயே போனால் அந்த இடம் வந்துவிடும். அடித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரை, பெண்களை, பிள்ளைகளைக் காத்ததாகத்தான் அந்த நேரத்தில் நினைத்திருப்பார்கள்.

யாரைப் பார்த்தால் திருடன் மாதிரி தெரிகிறது? இதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது, பழக்கத்தில் இருக்கிறது. பிறப்பைக் கொண்டே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. 1952இல் நாடு முழுக்க ஒழித்தாயிற்று. ஆனாலும் ஊரில் திருட்டு நடந்த மறுநாள் போலீஸ் ஜீப் முதலில் நிற்பது இருளர் குடிசை முன்னால்தான் என்பதை நம் மாவட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். நாமே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் காலனிகளில்கூட, புதிதாக வந்து ஏரிக்கரையில் தங்கும் நரிக்குறவரையும் வடமாநிலக் கூலிக்காரரையும் பார்க்கும் பார்வை சில நேரம் நல்லதாக இருப்பதில்லை. நம்மிடம் செய்யப்பட்டதை நாம் இன்னொருவருக்குச் செய்யும்போது எந்த வாயால் நியாயம் கேட்பது?

அமெரிக்காவிலும் இதே வேதனைதான். 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் தவறான வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டான். உள்ளே இருந்த 84 வயது வெள்ளைக்காரர் கதவு வழியாகவே சுட்டார். சிறுவன் பிழைத்தான். சுட்டவர் பயந்துபோனதாகச் சொன்னார். பயந்திருக்கலாம், பயம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பயம் நியாயமானதா என்றுதான் நம் சட்டமும் கேட்கிறது. மணியை அழுத்திவிட்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவதில் என்ன நியாயம்?

பயம்கூட இல்லாமல் கொல்லும் ஒன்று நம் வயல்களில் இருக்கிறது: திருட்டுத்தனமாகப் போடும் மின்வேலி. பன்றிக்கு, எலிக்கு என்று போடுகிறார்கள். இருட்டில் ஒதுங்கப் போகும் பெண்ணும், தண்ணீர் கட்டப் போகும் கூலிக்காரரும், நண்டு பிடிக்கப் போகும் பிள்ளைகளும் அதில் விழுகிறார்கள். என் நிலம், என் வேலி, உள்ளே வந்தது உன் தப்பு என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அந்த வாதம் எங்கும் செல்லாது. வந்தது பன்றியா மனிதனா என்று கம்பிக்குத் தெரியாது. தேவையான அளவு மட்டும் தீங்கு செய்யவும் அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், ஆளில்லாத தங்கள் பண்ணை வீட்டில் கதவைத் திறந்தால் தானாகச் சுடும்படி துப்பாக்கியைக் கட்டிவைத்த தம்பதி இருந்தார்கள். பழைய பாட்டில் திருடப் புகுந்தவனுடைய கால் அதில் சிதைந்தது. அந்தத் திருடனுக்கு 30,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பை 1971இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆள் இல்லாத இடத்தில் உயிருக்கு ஆபத்து ஏது, தற்காப்பு ஏது என்பதுதான் விஷயம். நம் பக்கம் மின்வேலி கண்ணில் பட்டால் மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாவு விழுந்த பிறகு சமாதானம் பேச ஆள் வருவார்கள்.

வீட்டைக் காப்பது பற்றி இவ்வளவு பேசுகிறோம். வீடு நம்முடையது என்று சொல்லிக்கொள்ளவே செங்கல்பட்டுச் சீமையில் நம் முன்னோர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மிராசுதாரி முறையில் சேரி இருந்த மனையும் மிராசுதாருக்கே சொந்தம் என்று கொண்டாடினார்கள். கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்து எறியலாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில், சொந்த மனையும் நிலமும் இல்லாததுதான் இம்மக்களின் அடிமை நிலைக்கு வேர் என்பதை எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். நம் நிலத்தில் நம்மையே அத்துமீறியவர்கள் என்று சொன்ன வரலாறு அது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை அவருக்கே என்று சொல்லும் குடியிருப்பு மனைச் சட்டம் 1971இல்தான் வந்தது.

பட்டா இல்லாதவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி, பட்டா இல்லாத வீட்டைக் காக்க எனக்கு உரிமை உண்டா என்பது. உண்டு. தற்காப்புக்குப் பத்திரம் தேவையில்லை. நிலைத்த அனுபோகம் போதும். பல ஆண்டுகளாக அமைதியாகக் குடியிருப்பவரை, நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரரே ஆனாலும், அடியாட்களைக் கூட்டிவந்து வெளியேற்ற முடியாது. அவர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 1968இல் முன்ஷி ராம் வழக்கிலும், 1975இல் பூரண் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நேற்று ராத்திரி போட்ட கொட்டகைக்கு இது பொருந்தாது. அதே போல, தாசில்தாரோ போலீஸோ தங்கள் பதவியின்பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்தை, அதில் சட்டக் குறை இருந்தாலும்கூட, கையால் தடுக்க இந்த உரிமை உதவாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் வந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஜே.சி.பி. வந்து நின்றால் வக்கீலைக் கூப்பிட வேண்டும், கல்லை எடுக்கக் கூடாது. எத்தனையோ இளைஞர்களின் அரசு வேலைக் கனவு அந்த ஒரு கல்லில் முடிந்துபோயிருக்கிறது.

தனித் திருடனைவிட நம்மைப் பயமுறுத்துவது கூட்டம்தான். கூட்டத்தைப் பற்றிய மிக முக்கியமான தீர்ப்பு ஒன்று 1952இலேயே வந்துவிட்டது. 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்துக் கட்னியில் கலவரம். அம்ஜத் கான் என்ற கடைக்காரரின் வீடும் கடையும், உடன்பிறந்தவரின் கடையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கூட்டம் உடன்பிறந்தவரின் பக்கத்தை உடைத்துக் கொள்ளையடித்துவிட்டு, இவர் கதவை லத்தியால் அடிக்கத் தொடங்கியது. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் இரண்டு முறை சுட்டார். ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். கீழ்க்கோர்ட்டு கொலைக் குற்றம் என்றது. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கூட்டம் உள்ளே வந்து வேலையைக் காட்டும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் எத்தனை தோட்டா சரி என்று தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கவும் முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. 2010இல் தர்ஷன் சிங் வழக்கிலும், அநியாயமாகத் தாக்கப்படுகிறவன் கோழையைப் போல ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவு பெரிய உரிமை நமக்கு எப்போது பயன்பட்டது என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். குடியிருப்புக்குத் தீ வைப்பவனை எதிர்த்து உயிர்வரை போகலாம் என்ற பிரிவு அன்றும் புத்தகத்தில் இருந்தது. 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பதும் அதில் ஒரு காரணம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். மக்கள் வயல்காட்டுக்கு ஓடியதால் உயிர் தப்பினார்கள். நின்று எதிர்த்திருக்கலாமே என்று தூரத்தில் இருந்து சொல்வது சுலபம். ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்போது ஓடுவதும் தற்காப்புதான். அங்கே தவறியது மக்கள் இல்லை. தடுக்கக் கடமைப்பட்ட அரசு.

அந்தக் கடமை எழுத்தில் இருக்கிறது. தலித், பழங்குடி மக்களின் குடியிருப்பை எரித்து அழிப்பவருக்கு ஆயுள் தண்டனை என்கிறது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வீட்டை விட்டு, ஊரை விட்டு வெளியேறும்படி செய்வதும் அதில் குற்றம். பலருக்குத் தெரியாத ஒன்று, 1995ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாம் விதி. வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதிகளில் மற்றவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யலாம், தேவைப்பட்டால் தலித் மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்று அதில் இருக்கிறது. நாம் துப்பாக்கி கேட்கவில்லை. நம் வீட்டில் துப்பாக்கி இருந்தால் யார் கையில் விலங்கு விழும் என்று நமக்குத் தெரியும். முதல் இரண்டையாவது செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஏனென்றால், நாம் திருப்பி அடித்த மறுநாள் காலையில் எதிர்வழக்கு தயாராக இருக்கும். அடிபட்டவர் மேலேயே கொலை முயற்சி என்று எழுதி, பிறகு 'ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கலாம்' என்று பேச உட்காருவார்கள். இதில் தப்பிக்க வேண்டுமானால் சம்பவம் நடந்த முதல் சில மணி நேரம் முக்கியம். தற்காப்பு என்பதைக் காட்டும் பொறுப்பு நம் மேல் இருக்கிறது. ஆனால் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நீதிபதிக்குப் படும் அளவு போதும். அதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. ஆகவே ஓடி ஒளியாதீர்கள்; ஓடியதையே குற்றத்துக்குச் சாட்சியாக்குவார்கள். முதலில் 100க்கோ 112க்கோ போன் போடுங்கள். அழைத்த நேரம் பதிவாகிவிடும். சிறு காயம் என்றாலும் அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். எதிராளியின் காயத்தை மட்டும் காட்டி, நம் உடம்பில் இருந்த காயத்துக்கு விளக்கம் சொல்லாத அரசுத் தரப்புக் கதை நிற்காது என்று 1976இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடைந்த கதவை உடனே சரி செய்யாதீர்கள், போட்டோ எடுங்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அடிக்க வந்தவன் எங்கே நின்றான், நாம் எங்கே நின்றோம், வெளிச்சம் இருந்ததா என்பதை அன்றைக்கே யாராவது படித்த பிள்ளையை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் இல்லை.

1927 மார்ச்சில் மஹாத் குளத்தில் தண்ணீர் எடுத்த பிறகு, பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் மக்கள் மேல் தடியோடு பாய்ந்தார்கள். அங்கே வந்திருந்தவர்களில் பட்டாளத்தில் இருந்தவர்கள் உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நின்றார்கள். அம்பேத்கர் அவர்களைத் தடுத்தார். தாக்கியவர்கள் மேல் வழக்கு நடந்து சிலர் சிறைக்குப் போனார்கள். திருப்பி அடிக்கும் உரிமை இல்லை என்று அவர் கருதவில்லை. வக்கீலான அவருக்கு அந்தப் பிரிவுகள் தெரியாதா? எந்த நேரத்தில் அடித்தால் நாளைக்கு நம்மைக் குற்றவாளியாக்குவார்கள் என்பதையும் சேர்த்தே அவர் கணக்குப் போட்டார் என்று நாம் நினைக்கிறோம்.

அச்சரப்பாக்கம் பக்கம் உடனடியாகச் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து காலனிவரை தெருவிளக்கு எரிய வேண்டும். இரவு ரோந்து ஜி.எஸ்.டி. சாலையோடு நின்றுவிடாமல் உள்ளே வர வேண்டும். ஊரில் காவல் குழு போடுவதானால் காவல் நிலையத்துக்குத் தெரிந்து போட வேண்டும். அதில் காலனி ஆட்களும் இருக்க வேண்டும். யாரை நிறுத்தினாலும் கை வைக்காமல் போலீஸுக்குப் போன் போட வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். இன்றைக்குக் காலனிப் பையன் முதுகில் விழுந்த கம்பு, பக்கத்து ஊரில் ஊர்ப் பையன் முதுகிலும் விழும்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நண்பர்கள் சேர்ந்து புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள். அருவாமனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பையன் இப்போதெல்லாம் மதுராந்தகம் தாண்டும்போதே வீட்டுக்குப் போன் பண்ணிவிடுகிறான். பகல் முழுக்க நாற்றங்காலில் வேலை செய்த அப்பா, ராத்திரி ஒன்றரை மணிக்கு டார்ச்சோடு போய் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கிறார்.